மகள் வீட்டிலிருந்து படிக்கிறாளா? காலேஜை மனசில் வைத்துப் பாடத்தை எடுங்க

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் எங்கள் கல்விக் குழு பேசியதன் எழுத்து வடிவம்)



ராஜபாளையம் பக்கத்துக் குழுக்களும் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் குழுக்களும் ஒரே இடத்தில் கூடியிருக்கோம். சாயந்திர பஸ்ஸைப் பிடிக்கணும் என்கிற அவசரம் எல்லோருக்கும் இருக்கு. அதனால நேராக விஷயத்துக்கு வந்துடுறோம்.

குழுக்களில் உள்கடன் கேட்டு வரும் மனுக்களைப் பார்த்தோம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு, காலேஜ் போகிற பிள்ளைக்கு என்று கேட்கிறவங்க நிறைய. ஆனா வீட்டில் இருக்கிற மகளைப் பற்றி மனுவில் எழுதமாட்டோம். கூட்டம் முடிந்து செருப்பு போடும்போது மெதுவாகச் சொல்வோம். "பெரியவ ஒன்பதாவதோட நின்னுட்டா." "பத்தாவதில் கணக்கு போச்சு, அதோட வீட்ல இருக்கா." "அவளுக்கு உடம்பு முடியல, பஸ் ஏற முடியாது." சத்திரப்பட்டி பக்கம் என்றால் மருத்துவத் துணி மடிக்கிற வேலை வீட்டுக்கே வந்துடுது, பிள்ளையும் அதில் உட்கார்ந்துடுது. கடைசியில் எல்லோரும் சொல்கிற வார்த்தை ஒன்றுதான்: "வீட்ல இருந்தே படிக்கட்டும், பரீட்சையை மட்டும் எழுதட்டும்."

எழுதட்டும், நல்லதுதான். ஆனா எந்தப் பரீட்சை, எந்தப் பாடம் என்று யார் முடிவு பண்ணினது? பெரும்பாலும் பக்கத்து வீட்டில் என்ன புத்தகம் கிடைத்ததோ அதுதான் பாடம். நம்ம பக்கம் தறி நெய்கிறவங்களுக்குத் தெரியும். பாவு போடும்போதே கரை என்ன கலர் என்று முடிவாகிடும். பாதிச் சேலை நெய்த பிறகு கரையை மாற்ற முடியாது. பிள்ளை என்ன காலேஜ் படிப்பு படிக்கணும் என்று முதலில் யோசித்து, அதற்கு +2-வில் என்ன பாடம் கேட்கிறாங்க, அந்தப் பாடத்துக்குப் பத்தாவதில் என்ன வேண்டும் என்று பின்னாலிருந்து முன்னால் வரணும். பதினஞ்சு வயசுப் பிள்ளைக்கு அதெல்லாம் இப்ப எதுக்கு என்று கேட்கிறீங்க. பதினஞ்சு வயசில்தான் அது முடிவாகுது.

இன்னொன்றை முதலிலேயே சொல்லிடுறோம். பள்ளிக்குத் திரும்ப வழி இருந்தால் திரும்ப அனுப்புங்க. எங்கள் கருத்து இதுதான், மழுப்பிச் சொல்லல. காரணம் காசுக்கணக்கிலேயே இருக்கு. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் காலேஜ் சேர்ந்தால் மாதம் 1000 ரூபாய் என்று வந்தது. மூன்று வருஷ டிகிரிக்கு 36,000 ரூபாய் ஆகுது. பிறகு அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவங்களையும் சேர்த்தாங்க. டாக்டர் படிப்புக்கு 2020-லும், இன்ஜினியரிங், விவசாயம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு 2021-லும் சட்டம் போட்டுக் கொடுத்த 7.5 சதவீத இடமும் அதே 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவங்களுக்குத்தான். நடுவில் டி.சி. வாங்கி வீட்டில் வைத்துப் படிக்க வைத்தால் இந்த உரிமை எல்லாம் கை நழுவும். கோபத்திலோ, கல்யாணப் பேச்சிலோ போய் டி.சி. வாங்கிடாதீங்க. தலைமையாசிரியரிடம் பேசுங்க. பள்ளி மேலாண்மைக் குழுவில் நம்ம குழுப் பெண்களுக்கும் இடம் இருக்கு, அங்கே இருக்கிற சகோதரி மூலமாகவும் பேசலாம்.

சரி, திரும்ப முடியாத பிள்ளைக்கு என்ன வழி?

அமெரிக்காவில் வீட்டிலேயே பிள்ளையைப் படிக்க வைக்கிற குடும்பங்கள் நிறைய உண்டு. அங்கே எல்லா மாநிலத்திலும் அது சட்டப்படி செல்லும். நாலு வருஷம் என்னென்ன பாடம் படித்தது, என்ன மார்க் என்று அம்மாவே பட்டியல் எழுதி காலேஜுக்கு அனுப்புகிற பழக்கம்கூட இருக்கு. காலேஜும் அதை வாங்கிப் பார்க்கும். நம்ம ஊரில் அது நடக்காது. நீங்க எவ்வளவு நல்லா சொல்லிக் கொடுத்தாலும் சரி, கையில் இருக்க வேண்டியது அங்கீகாரம் பெற்ற தேர்வின் மார்க் ஷீட். படிப்பு வீட்டில் நடக்கலாம், சான்றிதழ் வெளியிலிருந்துதான் வரணும்.

அதற்கு நமக்கு ரெண்டு கதவு இருக்கு. ஒன்று, தமிழ்நாடு அரசுத் தேர்வுத் துறை நடத்துகிற பொதுத்தேர்வைத் தனித்தேர்வராக எழுதுவது. ஊரில் "ப்ரைவேட்டா எழுதுறது" என்பாங்களே, அது. பத்தாவதை நேரடியாக எழுத 14½ வயசு முடிந்திருக்கணும். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் அஞ்சும் எழுதணும், எதையும் விட முடியாது. இதில் நம்ம பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடம் அறிவியல். நூறு மார்க்கில் 25 செய்முறைக்கு. தனித்தேர்வர் என்றாலும் செய்முறைப் பயிற்சி வகுப்புக்குத் தனியாகப் பெயர் கொடுத்து, 80 சதவீதம் நாள் போயிருக்கணும். இந்தப் பெயர் கொடுக்கிற அறிவிப்பு தேர்வுக்குப் பல மாதம் முன்னாடியே பேப்பரில் வந்துடும். பரீட்சைக்குப் பணம் கட்டுகிற நேரத்தில் போய்க் கேட்டால் காலம் கடந்திருக்கும். பள்ளி திறக்கிற மாதத்திலேயே மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேட்டு வைங்க.

பத்தாவது முடிந்தால் அடுத்த வருஷமே +2 எழுதிட முடியாது, இடைவெளி வேண்டும். (2018-ல் வந்த +1 பொதுத்தேர்வை 2025-26 கல்வி ஆண்டிலிருந்து எடுத்துட்டாங்க. பழைய ஆட்கள் சொல்கிற கணக்கை அப்படியே நம்பாம, அந்தந்த வருஷ அறிவிப்பைப் படிங்க.) இங்கேதான் பெரிய விஷயம் இருக்கு. நேரடியாக +2 எழுதுகிற தனித்தேர்வருக்குச் செய்முறை உள்ள பாடங்கள் கிடையாது. அதாவது இயற்பியல், வேதியியல், உயிரியல் கிடையாது. வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் மாதிரிதான் எடுக்க முடியும்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு உறுப்பினரின் மகள் கதையைச் சொல்றோம், பெயர் வேண்டாம். அந்தப் பிள்ளை சின்ன வயசிலிருந்தே நர்ஸ் ஆகணும் என்று சொல்லிக்கிட்டே இருந்தது. பாட்டிக்கு சுகர் ஊசி போட்டு விட்டதே அதுதான். அப்பாவுக்கு விபத்தாகி, வீட்டைப் பார்க்க ஆள் இல்லாமல் பள்ளி நின்று போச்சு. பத்தாவதைத் தனியாக எழுதி நல்ல மார்க் வாங்கிச்சு. +2-வுக்கு ஒரு டுடோரியலில் கேட்டப்ப, "எந்த குரூப்பா இருந்தா என்னம்மா, +2 பாஸ்னா பாஸ்தான்" என்று சொல்லி வரலாறு குரூப்பில் சேர்த்துட்டாங்க. பாஸும் பண்ணிடுச்சு. பி.எஸ்சி. நர்சிங் விண்ணப்பம் வாங்கப் போன அன்றைக்குத்தான் தெரியும், +2-வில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் இல்லாமல் அந்த விண்ணப்பத்தைத் தொடவே முடியாது என்று. இப்ப பி.ஏ. படிக்குது, நல்லாத்தான் படிக்குது, ஆசிரியர் ஆகலாம் என்று சொல்லுது. ஆனா ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்போது அது முகம் மாறுவதை அதன் அம்மா எங்களிடம் சொன்னாங்க. அந்தப் பிள்ளை மார்க்கில் தோற்கல, குரூப்பில் தோத்துடுச்சு.

அந்த மாதிரிப் பிள்ளைக்குத்தான் ரெண்டாவது கதவு. தேசியத் திறந்தநிலைப் பள்ளி என்று மத்திய அரசின் நிறுவனம், 1989-ல் தொடங்கியது. என்.ஐ.ஓ.எஸ். என்று சொல்வாங்க. மண்டல அலுவலகம் சென்னையில் இருக்கு. பத்தாவதுக்கு 14 வயசு, பன்னிரண்டாவதுக்கு 15 வயசு முடிந்திருந்தால் சேரலாம். ஒரு தடவை பதிந்தால் அஞ்சு வருஷம் செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. வருஷத்துக்கு ரெண்டு முறை பொதுத்தேர்வு. எல்லாப் பாடத்தையும் ஒரே தடவையில் எழுதணும் என்று இல்லை, ரெண்டு ரெண்டாக எழுதிச் சேர்க்கலாம். பாஸ் மார்க் 33. வேலைக்குப் போய்க்கொண்டே, நோயாளியைப் பார்த்துக்கொண்டே படிக்கிற பிள்ளைக்கு இது தோதான ஏற்பாடு. அறிவியல் பாடமும் எடுக்கலாம், செய்முறையைப் படிப்பு மையத்தில் போய்ச் செய்யணும்.

ஆனா இங்கே பாடத்தை நாமே தேர்வு செய்றோம், அதிலேயே குழியும் இருக்கு. அஞ்சு பாடம் எடுத்தால் போதும். கணக்கு கட்டாயம் இல்லை. மனையியல், ஓவியம் என்று எடுத்தும் பத்தாவதை முடிச்சிடலாம். கணக்கு என்றாலே பயப்படுகிற பிள்ளைக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கும். பிறகு பாலிடெக்னிக் போகணும் என்றாலோ, கணக்கு, அறிவியல் குரூப் வேண்டும் என்றாலோ "பத்தாவதில் கணக்கு எங்கே" என்று கேட்பாங்க. என்ன ஆகப்போகிறோம் என்று தெளிவாகாத பிள்ளை பத்தாவதில் கணக்கு, அறிவியல் ரெண்டையும் விடக்கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. கஷ்டம்தான். பாஸ் மார்க் வாங்கினால்கூடப் போதும், கதவு திறந்தே இருக்கும்.

பன்னிரண்டாவதில் அஞ்சு பாடத்தை எப்படி எடுக்கலாம் என்று ஒரு சகோதரி கரும்பலகையில் எழுதச் சொன்னாங்க, எழுதினோம். நர்ஸ் ஆகணுமா, இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம், தமிழ். சரியாக அஞ்சு. இன்ஜினியரிங்கா, உயிரியலுக்குப் பதில் கணக்கு. பி.காம். என்றால் கணக்குப்பதிவியல், வணிகவியல், பொருளியல், அதோடு தமிழும் ஆங்கிலமும். பி.ஏ. தமிழ், பி.ஏ. வரலாறு, அஞ்சு வருஷச் சட்டப் படிப்பு இதெல்லாம் எந்த குரூப்புக்கும் திறந்திருக்கும். தமிழை மட்டும் விட்டுடாதீங்க. ஆங்கிலம், இந்தி என்று எடுத்துவிட்டு வந்தால் நாளைக்குத் தமிழ்நாட்டு அரசு வேலைக்குத் தமிழ் அறிவைக் காட்டச் சொல்லும்போது தனியாக அலையணும். பத்தாவதுக்குத் தமிழ் வழியிலேயே படிக்கலாம். பன்னிரண்டாவதில் எல்லாப் பாடத்துக்கும் தமிழ்ப் புத்தகம் இருக்கும் என்று நினைச்சுக்காதீங்க, பணம் கட்டும் முன்னாடியே கேட்டுப் பாருங்க. டாக்டர் படிப்புக்கான நீட் தேர்வைக்கூடத் திறந்தநிலைப் பள்ளியில் படித்தவங்க எழுதலாம் என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் முடிவாகியிருக்கு. ஆகவே வீட்டிலிருந்து படித்த பிள்ளைக்குப் பெரிய படிப்பு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இந்தப் பெயரைச் சாக்காக வைத்து ஏமாற்றுகிறவங்களும் இருக்காங்க. "மூணே மாசத்துல பத்தாவது, பன்னிரண்டாவது ரெண்டும் வாங்கித் தர்றோம், பரீட்சைக்குக்கூட வரவேண்டாம்" என்று யாராவது சொன்னால் அது போலி. திறந்தநிலை என்ற பெயரை ஒட்டி வைத்துக்கொண்டு, எந்த அங்கீகாரமும் இல்லாத போர்டுகள் நாட்டில் பல இருக்கு. அந்த மார்க் ஷீட் காலேஜ் வாசலிலேயே திரும்பி வந்துடும், கட்டின பணம் திரும்பி வராது.

இதே மாதிரி இன்னொரு ஏமாற்றம், இது பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை, நம்மில் பலருக்கும் உண்டு. பத்தாவது, +2 எதுவும் இல்லாமல் 18 வயசானால் நேரா திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் டிகிரி படிக்கலாம் என்று ஒரு காலத்தில் நிறையப் பேர் சேர்ந்தாங்க. பட்டமும் வாங்கினாங்க. 2009-ல் தமிழ்நாடு அரசு ஆணை போட்டது: பத்தாவது, +2, அதன் பிறகு டிகிரி என்று வரிசையாக முடித்தால்தான் அரசு வேலைக்குச் செல்லும். வரிசை தவறின பட்டம் வீட்டுச் சுவரில் மாட்டத்தான் ஆகும். "+2-வை விட்டுட்டு டிகிரிக்குப் போயிடலாம், ரெண்டு வருஷம் மிச்சம்" என்று யார் யோசனை சொன்னாலும் கேட்காதீங்க.

+2 பக்கமே போகாத வழியும் ஒன்று இருக்கு. பத்தாவது பாஸ் ஆனதும் பாலிடெக்னிக்கில் மூன்று வருஷ டிப்ளமோ. ராஜபாளையத்திலேயே பி.ஏ.சி. ராமசாமி ராஜா பாலிடெக்னிக் இருக்கு. டிப்ளமோ முடித்தால் பி.இ. ரெண்டாம் வருஷத்தில் நேராகச் சேரலாம். ஐ.டி.ஐ. படிப்பவங்களுக்கும் 2022-ல் ஒரு வசதி வந்தது. பத்தாவது முடித்து ரெண்டு வருஷ ஐ.டி.ஐ. படித்து, +2 தமிழ், ஆங்கிலப் பாடங்களை மட்டும் எழுதிப் பாஸ் ஆனால் +2-வுக்குச் சமம் என்று சான்று தருவாங்க. எட்டாவதோடு ஐ.டி.ஐ. போனவங்களுக்கும் இதே மாதிரி பத்தாவதுக்குச் சமமான சான்று உண்டு. கைத்தொழில் பிடிக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியல.

மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளைப் பற்றி. ஊனம் அதிகமாக இருந்து பள்ளிக்கு வர முடியாத பிள்ளை வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று கல்வி உரிமைச் சட்டத்திலேயே 2012-ல் சேர்த்திருக்காங்க. பெயர் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும், சிறப்பாசிரியர் வீடு தேடி வருவார். அதாவது பள்ளி உரிமையும் போகாது, பஸ் ஏறவும் வேண்டாம். இதைத் தெரியாமல் டி.சி. வாங்கிவிட்ட தாய்மார்கள் நம்ம கூட்டமைப்பிலேயே இருக்காங்க. பொதுத்தேர்வில் சொல்வதை எழுத ஆள், கூடுதலாக ஒரு மணி நேரம், ஊனத்தைப் பொறுத்து ஒரு மொழிப்பாட விலக்கு எல்லாம் உண்டு, மருத்துவச் சான்றோடு முன்கூட்டியே மனு கொடுக்கணும். அரசு, அரசு உதவி பெறும் காலேஜ்களில் 2016 சட்டப்படி 5 சதவீத இடமும் இவங்களுக்கு இருக்கு. உட்கார்ந்தே செய்யக்கூடிய வேலைதானே என்று எல்லோருக்கும் ஒரே கம்ப்யூட்டர் கோர்ஸைக் காட்டாதீங்க. அந்தப் பிள்ளைக்கும் ஒரு ஆசை இருக்கும், கேளுங்க.

இனி வீட்டுக்குள்ள வருவோம். இதைப் பேசும்போது எல்லோரும் சிரிச்சீங்க, ஆனா உண்மை. வீட்டில் இருக்கிற பிள்ளையை நாம் சும்மா இருக்கிற பிள்ளை என்று நினைக்கிறோம். தண்ணி வந்தால் அவ. ரேஷன் வரிசைக்கு அவ. தம்பியைப் பள்ளிக்கூடத்தில் விட அவ. சொந்தக்காரங்க வந்தால் காபி போட அவ. புத்தகத்தை விரித்து வைத்த இடத்திலேயே மூடி வைத்துவிட்டு எழுந்து போகும். பள்ளிக்குப் போகிற தம்பிக்கு மணி அடிக்குது, இவளுக்கு யார் மணி அடிப்பாங்க? காலையில் ரெண்டு மணி நேரம், சாயந்திரம் ரெண்டு மணி நேரம், அந்த நேரத்தில் யாரும் கூப்பிடக் கூடாது என்று வீட்டு ஆம்பளைங்க முன்னாடியே சொல்லி வைங்க. ஒரு மூலையும் ஒரு லைட்டும் அவளுக்கென்று ஒதுக்குங்க.

அரசுப் பாடப் புத்தகங்களை இன்டர்நெட்டில் காசில்லாமல் எடுக்கலாம், தெருவில் போன வருஷம் முடித்த பிள்ளையிடமும் கிடைக்கும். 2019-ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி இருக்கு. சீரியல் நேரத்தில் கொஞ்சம் விட்டுக் கொடுக்கணும், அது நம்ம கையில்தான் இருக்கு. சமூக அறிவியலை, தமிழைப் பிள்ளை தானே படிச்சுக்கும். கணக்கும் ஆங்கிலமும் தனியாக வராது. ஒவ்வொரு ஊரிலும் காலேஜ் படிக்கிற பெண் ஒன்று ரெண்டு இருக்கு. வாரம் மூணு நாள் நாலைந்து பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கச் சொல்லி, குழுப் பொதுநிதியிலிருந்து அந்தப் பெண்ணுக்கு ஒரு சிறு தொகை கொடுக்கலாம். தீர்மான நோட்டில் எழுதிச் செய்தால் யாரும் கேள்வி கேட்க முடியாது. தேர்வுக் கட்டணத்துக்கு உள்கடன் கொடுக்கும்போதும் "கல்வி" என்றே எழுதுங்க, "வீட்டுச் செலவு" என்று எழுதாதீங்க.

காலேஜை விசாரிக்க +2 ரிசல்ட் வரும் வரை காத்திருக்க வேண்டாம். ராஜபாளையத்தில் ராஜூக்கள் கல்லூரி, ஏ.கே.டி. தர்மராஜா மகளிர் கல்லூரி இருக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் இருக்கு. பத்தாவது எழுதின கையோடு மகளைக் கூட்டிக்கொண்டு போய் அலுவலகத்தில் மூணு கேள்வி கேளுங்க. இந்தப் படிப்புக்கு +2-வில் என்ன பாடம் வேண்டும்? தனித்தேர்வர் அல்லது திறந்தநிலைப் பள்ளி மார்க் ஷீட்டை எடுத்துப்பீங்களா, கூட என்ன சான்று வேண்டும்? மொத்தச் செலவு என்ன? பதிலை அங்கேயே நோட்டில் எழுதி வாங்குங்க. பிள்ளையும் அந்தக் கட்டடத்தை, அங்கே படிக்கிற பெண்களை ஒரு தடவை கண்ணால் பார்த்து வரட்டும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு, வீட்டில் பிள்ளை நின்று போன குடும்பங்களின் பட்டியலை ஒவ்வொரு குழுப் பிரதிநிதியும் எழுதிக்கொண்டு வரணும். பிள்ளையின் பிறந்த தேதி, கடைசியாகப் படித்த வகுப்பு, டி.சி. வாங்கியாச்சா இல்லையா, என்ன ஆக ஆசை, இந்த நாலும் அதில் இருக்கணும். ஆசை என்கிற கட்டத்தை அம்மா நிரப்பக் கூடாது, பிள்ளையிடமே கொடுத்து எழுத வாங்குங்க. பட்டியலை வைத்து யார் பள்ளிக்குத் திரும்பலாம், யார் தனித்தேர்வு, யார் திறந்தநிலைப் பள்ளி என்று ஒவ்வொருத்தராக உட்கார்ந்து பார்ப்போம்.